டேவிட் டியூடர் பியானோவ ஏன் விட்டாரு?

நள்ளிரவு_ரேடியோ:

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற கேள்வி. இங்க பியானோ வாசிக்கிறவங்களும் இருக்கீங்க, எலக்ட்ரானிக்ஸ்ல கை வெச்சவங்களும் இருக்கீங்க, அதான் கேக்குறேன். டேவிட் டியூடர்னு தேடினா எங்க போனாலும் முதல் வரி ஒண்ணுதான், 1952-ல அமெரிக்க கம்போஸர் ஜான் கேஜோட 4'33"-ஐ முதன்முதலா மேடையேத்துனவரு. அதாவது பியானோ முன்னாடி நாலரை நிமிஷம் உக்காந்து ஒரு நோட்டு கூட வாசிக்காம எந்திரிச்சுப் போனவரு. அதுக்காக மட்டும் ஒருத்தர ஞாபகம் வெச்சுக்கறது அநியாயமா படுது எனக்கு, ஏன்னா அதே ஆளுதான் 1950-கள்ல மத்த பியானிஸ்டுங்க கிட்டயே போகாத பீஸெல்லாம் தேடித் தேடி வாசிச்சவரு. போதாக்குறைக்கு எல்லாரும் அவர கேஜோட வாலாவே எழுதுறாங்க.

என் கேள்வி அதுக்கப்புறம் நடந்ததப் பத்தி. 1960-கள் நடுவுல இருந்து பியானோவ காணவே காணோம். போட்டோ பாத்தா நீட்டமா ஒரு மேசை, மேசை பூரா சின்னச் சின்ன டப்பா, ஒயர் காடு, நடுவுல இவரு குனிஞ்சு எதையோ திருகிட்டு இருக்காரு. 1996-ல சாகுற வரைக்கும் இதேதான். விரல் போச்சா, சலிச்சுப் போச்சா, இல்ல பியானிஸ்ட்னு இருக்கறதே பத்தலையா? ரெண்டாவது, இத வெச்சு அவருக்கு பொழப்பு எப்படி ஓடுச்சு? மூணாவது, எங்க இருந்து கேக்க ஆரம்பிக்கறது? அவரோட ரெயின்ஃபாரஸ்ட்ங்கற பீஸ போட்டுப் பாத்தேன், ஹெட்போன்ல என்னமோ பூச்சி கத்துற மாதிரி இருந்துச்சு, நிறுத்திட்டேன். திட்டாதீங்க.

மூணாவது_பெடல்:

விரலுக்கு ஒண்ணும் ஆகல. 'விட்டாரு'ன்னு சொல்றதையே நான் ஒத்துக்க மாட்டேன், ஆனா அதுக்கு கொஞ்சம் முன்னாடி இருந்து வரணும்.

ஆளு மொதல்ல பியானிஸ்டே இல்ல, ஃபிலடெல்ஃபியாவுல சர்ச் ஆர்கன் வாசிச்சுட்டு இருந்த பையன், பொறந்தது 1926. அப்புறம் இர்மா வோல்பேகிட்ட பியானோ, அவங்க வீட்டுக்காரர் ஸ்டெஃபான் வோல்பேகிட்ட கம்போஸிஷன். 1950 டிசம்பர் 17-ம் தேதி நியூயார்க்ல கார்னெகி ரிசைட்டல் ஹால்ல பிரெஞ்சு கம்போஸர் பூலேஸோட ரெண்டாவது பியானோ சொனாட்டாவ வாசிச்சாரு, அமெரிக்காவுல அதான் அதோட முதல் கச்சேரி. அந்த பீஸோட நோட்ஸ்ஸ பாத்தவங்களுக்குத் தெரியும், எது மேல்குரல் எது அடிக்குரல்னே பிடிபடாது, நாலு பக்கம் இருந்தும் ஒரே நேரத்துல கல்லெறியற மாதிரி வரும். இவரு அத எப்படி பிடிச்சாருன்னா, பூலேஸ் பிரெஞ்சு நாடகக்காரர் ஆர்த்தோவ படிச்சவர்னு தெரிஞ்சு, இவரும் ஆர்த்தோ எழுதினதெல்லாம் எடுத்து பிரெஞ்சுலயே படிச்சாரு. தொடர்ச்சியா ஒரு கதை சொல்ற மாதிரி வாசிக்கத் தேவையில்ல, ஒவ்வொரு நொடியும் தனித்தனியா வெடிச்சா போதும்னு அங்க இருந்துதான் அவருக்குத் தெளிஞ்சுது. நாமெல்லாம் கஷ்டமான பீஸ் கெடச்சா மெட்ரோனோம தேடுவோம், இவரு நாடகக் கட்டுரைய தேடியிருக்காரு பாருங்க.

அடுத்தது கேஜோட மியூசிக் ஆஃப் சேஞ்சஸ், 1951. காசு சுண்டிப் போட்டு ஐ சிங்ங்கற சீனக் குறி நூல பாத்து எழுதினது. அதுல டெம்போ மாறிக்கிட்டே இருக்கும், மெதுவா ஏறும், சட்டுனு இறங்கும். மனசுல எண்ணி வாசிச்சா தப்பிடும்னு, ஏறி இறங்குற டெம்போ எல்லாத்தையும் நொடிக் கணக்கா மாத்துறதுக்குன்னே தனியா கணக்கு கத்துக்கிட்டு, ஸ்டாப்வாட்ச் பாத்து வாசிச்சாரு. 1952 ஜனவரி 1 அன்னிக்கு செரி லேன் தியேட்டர்ல முழுசா வாசிச்சது அப்படித்தான். அதே வருஷம் ஆகஸ்ட்ல 4'33"-க்கும் கையில அதே ஸ்டாப்வாட்ச், ஒவ்வொரு மூவ்மென்ட்டுக்கும் பியானோ மூடிய மூடி, முடிஞ்சதும் திறந்து, நடுவுல வெத்து நோட்ஸோட பக்கத்தையும் புரட்டிட்டு இருந்தாரு. அவரைப் பொறுத்தவரைக்கும் அது ஜோக் இல்ல, இன்னொரு பீஸ்.

1957-ல ஜெர்மன் கம்போஸர் ஸ்டாக்ஹௌசனோட பதினோராவது பியானோ பீஸையும் இவருதான் முதல்ல வாசிச்சாரு. ஒரே பெரிய தாள்ல 19 துண்டு, கண்ணு எதுல விழுதோ அத வாசின்னு விதி. அதுக்கு முன்னாடி அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் உள்ள பீஸெல்லாம் இவருக்கே டெடிகேட் பண்ணது. இத்தாலிக்காரர் புஸ்ஸோட்டி 1959-ல எழுதினதுக்கு பேரே 'டேவிட் டியூடருக்கான அஞ்சு பியானோ பீஸ்', அதுல டியூடர் பேரு டெடிகேஷன் கிடையாது, எந்த வாத்தியம்னு குறிச்ச மாதிரின்னு அவரே எழுதி வெச்சாரு. ஒரு மனுஷன் உயிரோட இருக்கறப்பவே வாத்தியம் ஆகிட்டாரு!

இப்ப உங்க கேள்விக்கு வரேன். 1961-ல கேஜ் குடுத்த வேரியேஷன்ஸ் டூ-ல நோட்டே கிடையாது. 11 ட்ரான்ஸ்பரன்ட் ஷீட், ஆறுல ஆளுக்கு ஒரு கோடு, அஞ்சுல ஆளுக்கு ஒரு புள்ளி. எப்படி வேணா கலைச்சுப் போட்டு, புள்ளியில இருந்து கோட்டுக்கு எவ்வளவு தூரம்னு அளந்து, அதுல இருந்து சுருதி, சத்தம், நாதம், நீளம் எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணிக்கோ. மத்தவங்க ஸ்கேல் வெச்சு அளந்து எண்ணா மாத்துவாங்க. டியூடர் என்ன பண்ணாருன்னா, அளவு எல்லாத்தையும் 'எளிசு', 'சிக்கல்'ன்னு ரெண்டே வகையா சுருக்கிட்டாரு. எளிசான நாதமா, சிக்கலான நாதமா, அவ்வளவுதான். ஏன்னா அவரு அதுக்கு எடுத்தது சாதா பியானோ இல்ல, உள்ள கான்டாக்ட் மைக்கும் (பொருள் மேல ஒட்டி அதிர்வ எடுக்குற மைக்) ரெக்கார்ட் பிளேயர்ல வர்ற கார்ட்ரிட்ஜும் வெச்சு ஆம்ப்ல குடுத்த பியானோ. கம்பிய லேசா தொட்டாலே ஃபீட்பேக் (வெளிய வந்த சத்தமே திரும்ப உள்ள போய் ஊளையிடறது) கிளம்பிடும், இத்தனை டெசிபல் இத்தனை ஹெர்ட்ஸ்னு அதுகிட்ட உத்தரவு போட முடியாது. சிக்கலாக்கலாம், இல்ல சும்மா விடலாம், அவ்வளவுதான் நம்ம கையில. இந்த இடத்துல நோட்ஸ் கேஜோடது, சத்தம் முழுக்க டியூடரோடது. அப்பவே அவரு கம்போஸர்தான், கார்டுலதான் பேரு போடல. பியானோவ விட்டாருன்னு சொல்றத விட, பியானோவோட உள்பக்கம் வளந்து மேசைக்கு வந்துருச்சுன்னு சொல்றதுதான் சரி.

கறார்_கேள்வி:

படிக்க சுவாரசியமாத்தான் இருக்கு, ஆனா இதுல ஒண்ணு இடிக்குது. நோட்ஸ் கேஜோடது சத்தம் டியூடரோடதுன்னா ரெக்கார்ட்ல ஏன் கேஜ் பேரு பெருசா இருக்கு? ஒருத்தர் கோடும் புள்ளியும் போட்டுக் குடுத்துட்டு போயிடுவாரு, இன்னொருத்தர் உக்காந்து மண்டைய உடைச்சு இசையா ஆக்குவாரு, பேரு மட்டும் மொத ஆளுக்கு. இத ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன், ஆனா டியூடரே இத எப்படி இவ்வளவு வருஷம் பொறுத்துக்கிட்டாருன்னு புரியல.

சஹானா_பிரியா:

கறார் சார், நம்ம ஊர் கச்சேரிலயும் இந்தக் கேள்வி இருக்கே. கீர்த்தனை தியாகராஜரோடது, நிரவல் (அதுல ஒரு வரிய எடுத்து அந்த நேரத்துல விரிச்சுப் பாடறது) யாரோடது? அன்னிக்குப் பாடினவங்களோடதுதான். ஆனாலும் லிஸ்ட்ல தியாகராஜர் பேருதான் இருக்கும், யாரும் சண்டைக்குப் போறதில்ல.

மூணாவது_பெடல்:

ப்ரியா, நிரவல்ல ஒரு வரி இருக்கு, ராகம் இருக்கு, தாளம் இருக்கு, எங்க திரும்பணும்னு பாடறவங்களுக்கும் தெரியும் கேக்குறவங்களுக்கும் தெரியும். இங்க அந்த வரியே இல்லையே. கறார் சொல்றதுல நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா டியூடர் குணமும் ஒரு காரணம், ரொம்ப பேசாத ஆளு, மேடைக்குப் பின்னாடி என்ன பண்ணாருங்கறத பெருசா விளக்கிக்கிட்டதும் இல்ல. பழைய பீஸுக்கெல்லாம் இவரு தனியா எழுதி வெச்ச வாசிப்புத் தாளு லாஸ் ஏஞ்சலஸ்ல கெட்டி இன்ஸ்டிட்யூட்ல இருக்கு, அத எடுத்து ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சப்புறம்தான் வெளியில பேச்சே மாறுச்சு. அது வரைக்கும் அந்த இடத்துல தோணுனத வாசிக்கறாருன்னுதான் பலபேரு நினைச்சாங்க, உண்மையில நிறைய பீஸ்ல ஒவ்வொரு நொடியும் முன்கூட்டியே எழுதி வெச்சது.

சால்டரிங்_சாமி:

நான் பியானோ பக்கமே போனதில்ல, எனக்கு டியூடர் பிடிச்சதே அந்த மேசையாலதான், அதனால மேசை பத்தி நான் சொல்றேன். டப்பா நிறைய இருக்கேன்னு பயந்துக்காதீங்க. ஆம்ப், ஃபில்டர், ஃபேஸ் ஷிஃப்டர், மிக்ஸர், அவ்வளவுதான், சிலது கடையில வாங்கினது சிலது அவரே சால்டர் பண்ணது சிலது கோர்டன் மம்மா மாதிரி கூட்டாளிங்க பண்ணிக் குடுத்தது. விஷயம் டப்பாவுல இல்ல, கனெக்‌ஷன்ல. ஒரு டப்பாவோட அவுட்புட்ட எடுத்து நாலு டப்பா சுத்தி திரும்ப அதோட இன்புட்டுக்கே குடுத்தா, வெளியில இருந்து எந்த சத்தமும் தராமலே சர்க்யூட் தானா கத்த ஆரம்பிக்கும். ஒரு நாப் கொஞ்சம் திருகினா அந்த டப்பா மட்டும் மாறாது, வளையத்துல இருக்குற எல்லாமே இடம் மாறும். 1972-ல பண்ண அன்டைட்டில்ட்-ங்கற பீஸ் இதேதான், ஆஸிலேட்டரோ டேப்போ எதுவும் கிடையாது. அதனால அவரு முகத்த பாத்தா திருகுற ஆளு மாதிரி இருக்காது, எதுக்கோ காது குடுத்துட்டு இருக்குற ஆளு மாதிரி இருக்கும். மேல பெடல் சொன்ன 'சிக்கலாக்கலாம் இல்ல சும்மா விடலாம்' இங்கயும் அப்படியே பொருந்துது. ஆர்கன்ல வளந்த ஆளுன்னு ஒரு வரியில தாண்டிட்டாங்க, எனக்கு அது பெரிய விஷயம். ஆர்கன்ல விரல் காத்துக்குக் கதவ திறந்து விடுது, அவ்வளவுதான், சத்தம் மெஷினோடது, எந்த ஸ்டாப்ப (எந்தக் குழாய் வரிசை ஒலிக்கணும்னு தீர்மானிக்குற குமிழ்) இழுக்கணும்ங்கறதுலதான் பாதி கலை.

1966 அக்டோபர்ல நியூயார்க் ஆர்மரில '9 ஈவினிங்ஸ்'னு ஒண்ணு நடந்துச்சு, பெல் லேப்ஸ் இன்ஜினியருங்களும் ஆர்ட்டிஸ்டுங்களும் சேந்து பண்ணது, பின்னாடி பில்லி க்ளூவர்தான் முக்கியமான ஆளு. அதுல டியூடர் பாண்டோனியான்-னு ஒரு பீஸ், அர்ஜென்டினா டாங்கோல வர்ற அந்த துருத்திப் பெட்டி இருக்குல்ல அதான். அவரு அதுல வாசிக்கிற சத்தம் ஆம்ப்புக்கு மட்டும் போகல, லைட்ட ஓட்டுச்சு, ஸ்க்ரீன்ல படத்த ஓட்டுச்சு, ஸ்பீக்கர் வெச்ச வண்டிங்க தரையில நகந்துட்டு இருந்துச்சு. தலைப்புக்குப் பின்னாடி ஒரு ஆச்சரியக்குறி இருக்கும், அது கணக்குல வர்ற ஃபேக்டோரியல், எல்லாம் எல்லாத்தோடயும் கலக்குதுன்னு அர்த்தம். கம்போஸர்னு அவரு தன் பேரப் போட்டுக்கிட்டது இந்தக் காலத்துல இருந்துதான்.

ரெயின்ஃபாரஸ்ட்டுக்கு வரேன். முதல்ல 1968-ல அமெரிக்க நடனக்காரர் மெர்ஸ் கன்னிங்ஹாம் டான்ஸுக்கு பண்ணது, அந்த மேடையில ஆண்டி வார்ஹாலோட வெள்ளி தலகாணி பலூன்லாம் மெதந்துட்டு இருக்கும். ஐடியா ஒரே வரி: ஸ்பீக்கருக்கு பேப்பர் கோன் எதுக்கு, எந்தப் பொருள வேணா ஸ்பீக்கர் ஆக்கலாமே. கோன் இல்லாத ட்ரான்ஸ்டியூசர, அதாவது சிக்னல அதிர்வா மாத்துற கருவிய, ஒரு தகர டிரம்லயோ, கட்டில் ஸ்ப்ரிங்லயோ, கண்ணாடித் தகட்டுலயோ ஒட்டி சிக்னல் குடுத்தா அந்தப் பொருளு அதோட உடம்புக்கு ஒத்து வர்ற ஃப்ரீக்வன்சிய மட்டும் தூக்கிக் குடுக்கும், மத்தத முழுங்கிடும். அதாவது ஃபில்டரே அந்தப் பொருள்தான். அதுலயே கான்டாக்ட் மைக் ஒட்டி அந்த அதிர்வ எடுத்து சாதா ஸ்பீக்கருக்கும் அனுப்புவாங்க. 1973-ல நியூஹாம்ப்ஷயர்ல சொகோருவாங்கற ஊர்ல ஒர்க்‌ஷாப்ல பண்ண நாலாவது வெர்ஷன்லதான் இது இன்ஸ்டலேஷனா மாறுச்சு, பொருளெல்லாம் கூரையில இருந்து தொங்கும், சனங்க நடுவுல நடந்து, டிரம்முக்குள்ள தலைய விட்டு, பல்லால கடிச்சுக் கூட கேக்கலாம். எலும்பு வழியா கேக்குறப்ப முழுக்க வேற சத்தம். அந்த ஒர்க்‌ஷாப் பசங்க சேந்து கம்போஸர்ஸ் இன்சைட் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு குழுவாகி அவருக்கு அப்புறமும் இத பண்ணிட்டு இருக்காங்க, 2019-ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் ஒரு வெர்ஷன காட்சிக்கு வெச்சுது.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. 1990-கள் ஆரம்பத்துல நியூரல் சிந்தஸிஸ்னு ஒரு வரிசை பண்ணாரு, அதுக்கு இன்டெல்லோட ஈடான்ங்கற அனலாக் நியூரல் நெட்வொர்க் சிப். 64 நியூரான், 10,240 கனெக்‌ஷன். அத ட்ரெயின் பண்ணி எதையும் காப்பி அடிக்க வைக்கல, தன் ஃபீட்பேக் வளையத்துல இன்னொரு டப்பாவா சொருகிட்டாரு. இப்ப நியூரல் நெட்வொர்க்கு பாட்டு போடுதுன்னு குதிக்கிறவங்க அத ஒரு தடவ கேக்கணும்.

கறார்_கேள்வி:

பல்லால கடிச்சு கேக்கறது 😂 சரி அத விடுங்க, ரெண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே. வாடகை யாரு குடுத்தா?

பழைய_கேசட்:

டான்ஸ் கம்பெனி குடுத்துச்சு. ஒரு வரி பதில் இதுதான். கன்னிங்ஹாம் கம்பெனி 1953-ல பிளாக் மவுன்டன் காலேஜ்ல ஆரம்பிச்சதுல இருந்து டியூடர் அதுல மியூசிஷியன். கச்சேரிக்கு ஆள் வரலேன்னாலும் டான்ஸுக்கு ஆள் வரும், டான்ஸுக்கு புக்கிங் வரும், அந்த டூர்ல இவரு வருஷக்கணக்கா வாசிச்சுட்டே போனாரு. ஆனா ஆரம்பத்துல அதுவும் வசதியெல்லாம் இல்ல, 1959-ல கேஜ் இத்தாலி டிவி க்விஸ்ல காளான் பத்தின கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி 50 லட்சம் லிரா ஜெயிச்சாரு, அந்தக் காசுல கம்பெனிக்கு ஒரு ஃபோக்ஸ்வாகன் வேன் வாங்கினாரு, அந்த நிலைமைதான். வீட்டு விஷயத்துல 1954-ல இருந்து ஸ்டோனி பாயின்ட்ல நண்பர்கள் சேந்து உருவாக்கின ஒரு கூட்டுக் குடியிருப்புல இருந்தாரு, கேஜும் அங்கதான். நியூயார்க் சிட்டி வாடகை கட்டியிருந்தா இந்தக் கதையே வேற.

ஐரோப்பா பக்கம் 1956-ல இருந்து ஜெர்மனில டார்ம்ஸ்டாட் ஊர்ல நடக்குற புது இசைக் கோடைகால கோர்ஸ்ல வாசிப்பு, பாடம். அப்புறம் கம்பெனிங்க காசு, 1970 ஒசாகா எக்ஸ்போல பெப்ஸி பெவிலியன், அரைக்கோளக் கண்ணாடிக் கூரைக்குப் பின்னாடி 37 ஸ்பீக்கர், சத்தம் ஸ்பீக்கர் ஸ்பீக்கரா ஓடுற மாதிரி சிஸ்டம் டிசைன் பண்ணதுல டியூடருக்கு பெரிய பங்கு. செலவு ஏறுச்சு, பெப்ஸிக்கும் ஆர்ட்டிஸ்டுங்களுக்கும் ஒத்து வரல, எக்ஸ்போ முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே பிரிஞ்சாச்சு. ஸ்பான்சர் காசுல எக்ஸ்பெரிமென்ட் பண்ணா எப்படி முடியும்ங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கேஜ் 1992-ல இறந்தப்புறம் கன்னிங்ஹாம் கம்பெனி மியூசிக் டைரக்டர் பொறுப்பு டியூடருக்கே வந்துச்சு, 1994-ல ஓஷன்ங்கற டான்ஸுக்கு தண்ணிக்கடியில எடுத்த சத்தமெல்லாம் வெச்சு பண்ணது அப்பதான்.

நம்மாளுங்க யாரும் இன்னும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. 1969-ல அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனுக்கு வந்து மூக் சிந்தசைசர் வெச்ச ஒரு எலக்ட்ரானிக் ஸ்டுடியோவ நிறுவிக் குடுத்துட்டுப் போனது இதே டியூடர்தான். இதுக்கு வேர் கீதா சாராபாய்கிட்ட இருக்கு, 1946-ல நியூயார்க் போய் கேஜுக்கு நம்ம சங்கீதம் சொல்லிக் குடுத்துட்டு அவர்கிட்ட இருந்து மேற்கத்திய இசை கத்துக்கிட்டவங்க. அவங்களும் இன்னும் சிலரும் அந்த ஸ்டுடியோல 1972 வரைக்கும் பண்ண டேப்பெல்லாம் யாரும் தொடாம கிடந்து, 2023-லதான் ரெக்கார்டா வெளிவந்துச்சு. கேளுங்க, டியூடர் சாயல் கொஞ்சம்தான் இருக்கு, அதுதான் அதுல நல்ல விஷயமே.

சஹானா_பிரியா:

அப்ப நானும் ஒண்ணு சேத்துக்கறேன். டியூடரோட அந்த டப்பாவெல்லாம் இப்ப வெஸ்லியன் யுனிவர்சிட்டியோட வாத்தியக் கலெக்‌ஷன்ல இருக்கு. அதே வெஸ்லியன்லதான் மிருதங்கம் ரங்கநாதன் 1960-கள்லயே பாடம் எடுத்தாரு, அவர் தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதன் 2002-ல காலமாகுற வரைக்கும் அங்கதான் இருந்தாரு. ஒரே மியூசிக் டிபார்ட்மென்ட்ல ஒரு ரூம்ல வர்ணம், அடுத்த ரூம்ல எக்ஸ்பெரிமென்டல் கம்போஸர் ஆல்வின் லூசியர். இந்த மாதிரி ஆளுங்களுக்கு டான்ஸ் கம்பெனிக்கு அடுத்தபடியா சோறு போட்டது இந்த மாதிரி யுனிவர்சிட்டிங்கதான்.

நள்ளிரவு_ரேடியோ:

செம. இத்தனை நாள் அவரோட கரியர நடுவுல உடைஞ்ச ரெண்டு துண்டா பாத்துட்டு இருந்தேன், இப்ப அந்த ஆம்ப் போட்ட பியானோதான் நடுவுல பாலம்னு புரியுது. ஆனா ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு. பியானோ உள்பக்கம்தான் வேணும்னா கேஜ் மாதிரி கம்பிக்கு நடுவுல ஸ்க்ரூவும் ரப்பரும் சொருகி அதுலயே இருந்திருக்கலாமே? இன்னிக்கும் ஜெர்மன் பியானிஸ்ட் ஹௌஷ்கா அந்த வழியிலதான போறாரு, ஆஸ்கர் கூட வாங்கிட்டாரு. அப்புறம் மூணாவது கேள்வி...

மூணாவது_பெடல்:

ஹௌஷ்காவுக்கு 2023-ல ஆஸ்கர் குடுத்தது பட இசைக்கு, அது வேற ஆட்டம், அத நான் குறைச்சு சொல்லல. அப்படி சொருகின ப்ரிபேர்ட் பியானோவுல ஸ்க்ரூ எந்த கம்பியில எந்த இடத்துல வரணும்னு ஒரு அட்டவணை இருக்கும், கேஜோட சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்ல 45 நோட்டுக்கு அப்படி உண்டு, சொருகி முடிக்கவே ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். ஆனா சொருகிட்டா அது நிலையான வாத்தியம், எந்த கீ அழுத்தினா என்ன வரும்னு தெரிஞ்சுடும். டியூடருக்கு அந்தத் தெரிஞ்சுடுறதுதான் பிரச்சனைன்னு நான் நினைக்கிறேன். அவருக்கு புதிர் வேணும். 1950-கள்ல கம்போஸருங்க புதிர் எழுதிக் குடுத்துட்டே இருந்தாங்க, இவரு அவிழ்த்துட்டே இருந்தாரு. அப்புறம் அவருக்குன்னு எழுதறவங்க, டியூடர் எப்படியும் பண்ணிடுவாருன்னு எதையாவது கிறுக்கிக் குடுக்க ஆரம்பிச்சா புதிர்ல என்ன மிச்சம்? தானா திரும்பப் பேசற ஒரு சர்க்யூட் அத விட நல்ல எதிராளி.

எல்லாரும் இப்படித்தான் விட்டுப் போகணும்னும் இல்ல. சிங்கப்பூர்ல பொறந்த மார்கரெட் லெங் டான் இருக்காங்க, ஜூலியர்டுல டாக்டரேட் வாங்கின முதல் பொண்ணு, 1981-ல கேஜ சந்திச்சப்புறம் பியானோ உள்ளயே கைய விட்டு, அப்புறம் குழந்தைங்க வெச்சு விளையாடற டாய் பியானோவ மேடைக்குக் கொண்டு வந்து அதுலயே ஒரு முழு கரியர் பண்ணாங்க. அந்தப் பக்கம் மேக்ஸ் நியூஹவுஸ், பேரெடுத்த பெர்கஷனிஸ்ட், 1968-ல கச்சேரிய ஒரேயடியா விட்டுட்டு 1977-ல டைம்ஸ் ஸ்கொயர்ல நடக்குற சனங்க காலுக்குக் கீழ சத்தத்த புதைச்சாரு. டியூடர் இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ.

கேக்குறதுக்கு: முதல்ல மியூசிக் ஆஃப் சேஞ்சஸ், டியூடரே வாசிச்ச 1950-கள் ரெக்கார்டிங், வேற யாரோடதும் வேண்டாம், அந்த விரல்ல இருக்குற தெளிவ காதுல வாங்கிக்கோங்க. அப்புறம் நேரா வேரியேஷன்ஸ் டூ, கொஞ்சம் வால்யூம குறைச்சுட்டு. அதுக்கப்புறம் பல்ஸர்ஸ், 1976, அதுல ஒரு துடிப்பு இருக்கறதால பிடிச்சுக்க எதாவது கிடைக்கும்.

சால்டரிங்_சாமி:

ரெயின்ஃபாரஸ்ட்ட ஹெட்போன்ல போடாதீங்க, அதுதான் உங்களுக்கு பூச்சியா கேட்டுச்சு. நாலாவது வெர்ஷன்ல எந்த ரெக்கார்டிங் எடுத்தாலும் யாரோ ஒருத்தர் மைக்க எங்க வெச்சாங்களோ அங்க கேட்டது மட்டும்தான் அது, நீங்க நடந்திருந்தா வேற கேட்டிருக்கும். ரெண்டு ஸ்பீக்கர்ல போட்டுட்டு எந்திரிச்சு ரூமுக்குள்ள நடங்க, அடுத்த ரூமுக்கும் போங்க. இல்லேன்னா ஒரு சின்ன எக்ஸைட்டர் (மேல சொன்ன கோன் இல்லாத ட்ரான்ஸ்டியூசர்தான்) வாங்கி கைக்கு கெடச்ச பாத்திரம், தகரம், அட்டைப்பெட்டின்னு ஒண்ணொண்ணுலயா ஒட்டி ஒரே பாட்ட ஓட்டிப் பாருங்க. எது எத முழுங்குதுன்னு ஒரு லிஸ்ட் போட்டு இங்கயே போடுங்க, சர்க்யூட் சந்தேகம் இருந்தா நான் சொல்றேன்.